வீட்டு நிலைமை மாறினால் கல்லூரி உதவித்தொகையும் மாறுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை: சேர்க்கையின்போது கொடுத்த வருமானச் சான்று ஒன்று சொல்கிறது, இன்றைய அடுப்படி வேறொன்று சொல்கிறது. எதை நம்புவார்கள், எப்படி நம்ப வைப்பது? ஆறு கேள்விகளைத் தேர்ந்தெடுத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

என் கணவர் மணலியில் ஃபிட்டர். மாதம் 27,000 ரூபாய் சம்பளம் வாங்கினார். செப்டம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். மகள் அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. நாங்கள் எஸ்.சி. வகுப்பு. அவர் சம்பளத்தால் இதுவரை ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை. இப்போது கேட்டால், 'தேதி முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் பாருங்கள்' என்கிறார்கள். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன்.
– வாசகி, தண்டையார்பேட்டை

அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். மாதக் கணக்கில் 20,833 ரூபாய். உங்கள் கணவரின் ஆண்டுச் சம்பளமே 3,24,000 என்பதால் அப்போது கிடைக்கவில்லை, அது சரிதான். ஆனால் அந்தத் திட்டத்துக்கான மத்திய அரசு விதிகளில், வருமான வரம்பை ஒட்டி ஒரு குறிப்பு உண்டு. சம்பாதிக்கும் தாயோ தந்தையோ இறந்து, அதனால் குடும்ப வருமானம் வரம்புக்குள் வந்துவிட்டால், அந்த இறப்பு நேர்ந்த மாதத்திலிருந்தே மாணவர் தகுதி பெறுகிறார். கடைசித் தேதி கடந்திருந்தாலும் கருணை அடிப்படையில் விண்ணப்பத்தை வாங்கலாம். கல்லூரி அலுவலகத்தில் இந்தக் குறிப்பைப் படித்தவர்கள் குறைவு. அதனால் உங்கள் கடிதத்திலேயே அதை எழுதிவிடுங்கள்.

வேலையை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பது முக்கியம். முதலில் இறப்புச் சான்றிதழ். மாநகராட்சி இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதில் கணவரின் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 'முருகேசன்' ஒன்றிலும் 'முருகேசு' இன்னொன்றிலும் இருந்தால் பின்னால் எல்லா மேசையிலும் நிற்க வேண்டிவரும். அடுத்து ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்க விண்ணப்பியுங்கள். வருமான விசாரணைக்கு வருபவர் கையில் எடுக்கும் முதல் காகிதம் அதுதான்.

பிறகு இ-சேவை மையத்தில் உங்கள் பெயரில் புதிய வருமானச் சான்று. கட்டணம் 60 ரூபாய். பலர் இடறுவது இங்கேதான். இ-சேவையில் உங்களை அடையாளம் காட்டும் கேன் எண் கணவரின் செல்போனோடு பதிவாகியிருக்கும். அந்த சிம் அடங்கிப்போயிருந்தால் ஓ.டி.பி. வராது. ஆகவே முதலில் கேன் விவரத்தில் உங்கள் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். மைய ஊழியர் அவசரத்தில் தன் எண்ணைப் போட்டுவிட்டால் 'கூடுதல் ஆவணம் தேவை' என்று விண்ணப்பம் திரும்பி வந்த செய்தி அவருக்குத்தான் போகும். நீங்கள் மூன்று வாரம் சும்மா காத்திருப்பீர்கள்.

விசாரணைக்கு வி.ஏ.ஓ.வோ ஆர்.ஐ.யோ வரும்போது தையலில் மாதம் எவ்வளவு, விதவைப் பென்ஷன் எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். பி.எஃப்., இன்ஷூரன்ஸ் என்று மொத்தமாக வந்த தொகை ஆண்டு வருமானம் அல்ல. அதை வருமானத்தோடு கூட்டிச் சொல்லி, சான்றிதழில் ஐந்தாறு லட்சம் ஏறிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வட்டி வாங்கினால் அந்த வட்டி மட்டும் வருமானம். தையல் வருமானத்தைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம். உண்மையைச் சொன்னாலே நீங்கள் வரம்புக்கு வெகு கீழே இருக்கிறீர்கள்.

வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருக்காதீர்கள். அது பி.எஃப். பணத்துக்கும் வங்கிக்கும் வேண்டியது, உதவித்தொகைக்கு அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுத்தான் பலர் ஒரு பருவத்தையே கோட்டை விடுகிறார்கள்.

கடிதத்தை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு, கல்லூரி முதல்வர் வழியாக எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். இறந்த தேதி, அதற்கு முன் இருந்த ஆண்டு வருமானம், இப்போதைய வருமானம், மேலே சொன்ன விதி, மகளின் யூமிஸ் எண் (அரசின் கல்லூரி மாணவர் தகவல் தளத்தில் உள்ள எண்). இறப்புச் சான்று, புதிய வருமானச் சான்று, சாதிச் சான்று, கணவரின் கடைசிச் சம்பளச் சீட்டு இணைப்பு. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கல்லூரி முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். இணையதளம் மூடியிருக்கிறது என்றாலும் காகிதத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் திறக்கும்போது உங்கள் கோரிக்கை எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. வாங்கவே மறுத்தால் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள், அல்லது முதல்வர் உதவி மைய எண் 1100-இல் பதியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கணவருக்கு பி.எஃப். பிடித்திருந்தால் ஓய்வூதியத் திட்டத்தில் உங்களுக்கு மட்டுமல்ல, 25 வயது வரை பிள்ளைகளுக்கும் தனியாகப் பென்ஷன் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் வரை, ஒவ்வொருவருக்கும் விதவைப் பென்ஷனில் கால் பங்கு. இதற்கு 10-டி படிவம். தொகை சிறியதுதான், ஆனால் மாதாமாதம் வரும். கல்லூரி போகும் பிள்ளைக்கு 18 வயது தாண்டிவிட்டதே என்று விண்ணப்பத்தில் பெயரை விட்டுவிடுபவர்கள் நிறைய.

அப்பா காசிமேட்டில் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். ஒரு மாதம் 30,000 வரும், ஒரு மாதம் ஒன்றுமே வராது. வருமானச் சான்றுக்கு என்ன எழுதுவது?
– வாசகர், காசிமேடு

நல்ல மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கிவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், கடலுக்குப் போவதே இல்லை. புயல் எச்சரிக்கை நாட்கள் வேறு. மீதி மாதங்களில் வீட்டுக்கு வந்த பங்கைக் கூட்டி ஆண்டு மொத்தமாகச் சொல்லுங்கள். படகு சொந்தமாக இருந்தால் டீசல், ஐஸ், ஆட்கள் பங்கு கழித்து மிஞ்சுவதுதான் வருமானம். ஒரு நோட்டில் மாதவாரியாக எழுதி விசாரணைக்கு வருபவரிடம் காட்டினால் அவருக்கும் எழுதுவது எளிது.

அப்பா எங்களை விட்டுப் போய் ஆறு வருஷம். வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறார், ஒரு ரூபாய் அனுப்புவதில்லை. வருமானச் சான்று கேட்டால் அவர் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். மாமா பெயரில் வாங்கிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். நான் எம்.பி.சி., 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி, இப்போது அரசுக் கல்லூரியில் பி.காம்.
– வாசகி, கொருக்குப்பேட்டை

முதலில் மூச்சு விடுங்கள். உங்கள் படிப்புக்கு அந்தச் சான்று பெரிதாகத் தேவைப்படாது. பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம் படித்தால், இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது. தொழிற்படிப்புக்கும் பாலிடெக்னிக்குக்கும்தான் வரம்பு வருகிறது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் வருமான வரம்பு இல்லை. நீங்கள் படித்த பள்ளிதான் அங்கே தகுதி. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். 2022 செப்டம்பர் 5 அன்று இந்தத் திட்டம் தொடங்கப்பட்டதே உங்களுக்குப் பக்கத்தில், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான். கல்லூரி நோடல் அலுவலரிடம் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தம்பியோ தங்கையோ நாளை இன்ஜினீயரிங் சேரும்போது இந்தச் சிக்கல் திரும்ப வரும் என்பதால் மீதியையும் சொல்கிறோம். மாமா பெயரில் வாங்குவது வேண்டாம். எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக் விதியில் இது எழுத்தாகவே இருக்கிறது: தாய், தந்தை இருவரில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் பெற்றோர் வருமானம்தான் கணக்கு. இருவரும் இல்லாதபோதுதான் காப்பாளரின் வருமானம். மற்றத் துறைகளிலும் சரிபார்ப்பவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். மாமா பெயரில் வாங்கிய சான்று அந்த வருஷம் தப்பிவிடலாம். இரண்டாம் ஆண்டு யூமிஸில் தாய் பெயரும் சான்றிலுள்ள பெயரும் ஒத்துப்போகாமல் நிற்கும்.

சரியான வழி, அம்மா பெயரில் 'கணவரால் கைவிடப்பட்டவர்' சான்று. இதுவும் இ-சேவையில் உண்டு. அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அதற்குக் கைகொடுக்கும் காகிதங்கள் எவை? மகளிர் காவல் நிலையத்தில் எப்போதோ கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். ரசீது, குடும்ப நீதிமன்ற வழக்கு எண் அல்லது ஜீவனாம்ச உத்தரவு, ஆறு வருஷமாக அம்மா பெயரிலேயே இருக்கும் வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம், பள்ளி விண்ணப்பங்களில் அம்மா மட்டும் போட்ட கையெழுத்து. ரேஷன் கார்டில் அப்பா பெயர் இன்னும் இருந்தால் அதுதான் உங்களுக்கு எதிர்ச் சாட்சி, ஆகவே அதை முதலில் சரிசெய்யுங்கள். நீதிமன்றம் ஜீவனாம்சம் போட்டு, அது உண்மையில் வந்துகொண்டிருந்தால் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். வராவிட்டால், வரவில்லை என்பதை வங்கிக் கணக்குத் தாளோடு எழுதிக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எரிச்சலில் 'தந்தை இல்லை' என்று படிவத்தில் எழுதுபவர்கள் உண்டு. அலுவலகத்தில் அதற்கு இறந்துவிட்டார் என்று அர்த்தம். இறப்புச் சான்று கேட்பார்கள்.

அப்பா வேலை பார்த்த பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனி ஜனவரியில் மூடிவிட்டது. வயது 52. தம்பி கவுன்சலிங்கில் தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியில் முதலாண்டு. நாங்கள் பி.சி. வகுப்பு. சேரும்போது வருமானச் சான்று 3.6 லட்சம். இனி கட்டணம் கட்ட முடியாது. ஏதாவது சலுகை?
– வாசகர், கொடுங்கையூர்

இறப்புக்கு இருக்கும் கருணைக் குறிப்பு போல வேலையிழப்புக்கு இல்லை. இந்த வித்தியாசம் நியாயமா என்று கேட்டால் எங்களுக்கும் நியாயமாகத் தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அடுத்த கல்வியாண்டுக்குப் புதிய சான்றோடு புதிதாக விண்ணப்பிக்கத் தடையில்லை. அதற்கான ஆதாரத்தை இப்போதே சேர்த்து வையுங்கள். கம்பெனி விடுவிப்புக் கடிதம் கொடுக்காவிட்டாலும் பி.எஃப். பாஸ்புக்கில் கடைசிப் பங்களிப்பு எந்த மாதம் என்று தெரியும். எங்கள் பார்வையில் அதைவிட வலுவான சாட்சி இல்லை, யாரும் வளைத்து எழுத முடியாதது. அதோடு ஆறு மாத வங்கிக் கணக்கு. அப்பா இப்போது ஆட்டோ ஓட்டுகிறார், செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

சில சலுகைகள் சேர்க்கை நேரத்தோடு முடிந்துவிட்டவை. 8 லட்சத்துக்குக் கீழ் வருமானமுள்ளோருக்கான கல்விக் கட்டண விலக்கு இடங்கள் அப்படிப்பட்டவை. முதல் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பே கிடையாது. தம்பி கவுன்சலிங்கில் அதைப் பெற்றிருக்கிறாரா என்று ஒதுக்கீட்டு ஆணையில் பாருங்கள்.

உடனடி வழி கல்விக் கடன்தான். 4 லட்சம் வரை சொத்து அடமானமோ வெளியாள் ஜாமீனோ கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் மாதிரித் திட்டம். பெற்றோர் ஒருவர் இணைக் கடனாளியாக இருந்தால் போதும். வேலை போன சமயத்தில் அப்பாவின் தனிநபர் கடன் தவணைகள் தவறியிருந்தால் சிபில் கடன் மதிப்பெண் இறங்கியிருக்கும். அப்படியானால் அம்மாவை இணைக் கடனாளியாகப் போடுங்கள். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு, படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் சேரும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியம் உண்டு. உங்கள் பழைய 3.6 லட்சச் சான்றே இதற்குப் போதும்! வருமானம் குறைந்துவிட்டது என்று நிரூபிக்கும் அலைச்சல் இங்கே வேண்டாம். கல்லூரி, மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமி பட்டியலில் இருந்தால் அந்தத் தளத்தின் வழியாகவே விண்ணப்பியுங்கள். மானியம் தானாக வராது, ஒவ்வொரு வருஷமும் கிளை கேட்கும் காகிதத்தைக் கொடுக்க வேண்டும். பலர் முதல் வருஷம் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வேலைக்குச் சேரும்போது மொத்த வட்டியும் தலையில் நிற்கும்.

கல்லூரியிடமும் கேளுங்கள், வாயால் அல்ல, எழுத்தில். 'இந்தப் பருவக் கட்டணத்தை மூன்று தவணையாக, இன்னின்ன தேதியில் கட்டுகிறோம்' என்று தேதி போட்டுக் கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். 'கொஞ்சம் டைம் கொடுங்கள்' என்பதற்கு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

என் தங்கை குடும்பம் அமெரிக்காவில், கிரீன் கார்டு உண்டு. மச்சானுக்கு வேலை போய்விட்டது. அவர்கள் மகள் கல்லூரி உதவிக்கு விண்ணப்பித்தால் பழைய சம்பளத்தைப் பார்க்கிறார்களாம். அங்கே இதற்கு வழி உண்டா? என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள்.
– வாசகர், பெரம்பூர்

அங்கே வழி உண்டு, அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஃபாஃப்சா என்ற, அரசு நிதியுதவிக்கான பொது விண்ணப்பம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமான வரிக் கணக்கைப் பார்க்கிறது. 2026–27 கல்வியாண்டுக்கு 2024 வருமானம். இடையில் வேலை போனது அதில் தெரியாது. அதனால் 'புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்' என்ற அதிகாரத்தைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்குக் கொடுத்திருக்கிறார்கள். காகிதங்களைப் பார்த்து, கணக்கில் போகும் எண்களை அவரே மாற்றலாம். நம் ஊர் அலுவலருக்கு இல்லாத அதிகாரம் இது. இங்கே தாசில்தார் சான்று என்ன சொல்கிறதோ அதுதான்.

படிவத்தில் சொந்தமாக எண்ணை மாற்றிப் போடக் கூடாது. 2024-இல் உள்ளபடியே நிரப்பி அனுப்பிவிட்டு, பிறகு கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் 'சிறப்புச் சூழல்' மறுபரிசீலனை கேட்க வேண்டும். நடைமுறை என்ன என்பதைக் கல்லூரி வெளியிட்டிருக்க வேண்டும், இத்தகைய கோரிக்கைகளை ஒட்டுமொத்தமாக மறுக்கும் கொள்கையும் வைக்கக் கூடாது. வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையில்லா உதவித்தொகைத் தாள், இந்த வருஷம் எதிர்பார்க்கும் வருமானம் மாதவாரியாக – இவை போதும். வேலையிழப்பு மட்டுமல்ல, விவாகரத்து, மரணம், காப்பீடு கொடுக்காத மருத்துவச் செலவு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். கிரெடிட் கார்டு கடனைச் சொன்னால் பொதுவாக எடுபடாது. கல்லூரியின் முடிவே இறுதி, கல்வித் துறைக்கு மேல்முறையீடு கிடையாது. நான்கு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தால் நான்கிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஒன்று சம்மதித்ததால் இன்னொன்று சம்மதிக்க வேண்டியதில்லை.

பெற்றோர் கைவிட்டது, வீட்டில் வன்முறை போன்றவற்றுக்கு வேறு பாதை. அங்கே மாணவரைப் பெற்றோரைச் சாராதவராகவே கணக்கிடலாம். 'அப்பா பணம் தரமாட்டேன் என்கிறார்' என்பது மட்டும் அதற்குப் போதாது. இங்கிருந்து மாணவர் விசாவில் போகும் பிள்ளைகளுக்கு ஃபாஃப்சாவே பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பெரம்பூரிலிருந்து போகத் திட்டமிடும் சிலர் இதை நம்பிக் கணக்குப் போடுவது எங்களுக்குத் தெரியும்.

எல்லாம் சரி, 'அனுமதிக்கப்பட்டது' என்று காட்டுகிறது. நான்கு மாதமாக ஸ்காலர்ஷிப் பணம் மட்டும் கணக்கில் வரவில்லை.
– வாசகி, திருவொற்றியூர்

நீங்கள் கொடுத்த கணக்கு எண்ணுக்கு அந்தப் பணம் போவதில்லை. அரசுப் பணம் வருவதற்காக ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ (இதைத்தான் சீடிங் என்கிறார்கள்) அதற்குத்தான் போகும். ஆதார் இணையதளத்தில் உள்நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். எந்த வங்கி என்று வரும். எப்போதோ சிம் வாங்கிய கடையில் தொடங்கிய பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்காக இருந்து, பணம் அங்கே குவிந்துகிடப்பதும் உண்டு.

சீடிங் இல்லை என்று வந்தால் கிளைக்குப் போய் 'ஆதார் லிங்க்' என்று கேட்காதீர்கள். கே.ஒய்.சி.க்கு லிங்க் செய்திருப்பதைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். 'அரசு மானியம் வருவதற்கான என்.பி.சி.ஐ. சீடிங்' என்று கேட்டு அதற்குரிய ஒப்புதல் படிவத்தைக் கொடுங்கள். பள்ளியில் ஆறாம் வகுப்பில் தொடங்கிய கணக்கு என்றால் இன்னொன்றும் பாருங்கள்: 18 முடிந்ததும் புதிய கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் கொடுத்து மேஜர் கணக்காக மாற்றாவிட்டால் பரிவர்த்தனை நின்றிருக்கும். முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால் இருப்பு 50,000-க்கு மேல் போகக் கூடாது, ஒரு வருஷ வரவு 1 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. பெரிய தொகை வந்தால் திரும்பிவிடும். சரிசெய்த பிறகு கல்லூரி நோடல் அலுவலரிடம் சொல்லி மறு அனுப்புதல் கேளுங்கள். சீடிங் மாறியது அவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.